பதினோரு இடத்தில் வெட்டிய நீலக்கோடு

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான், என் வீட்டம்மா, மகள், கடையில் இருக்கும் இரண்டு ஜெராக்ஸ் மெஷினில் புதியது ஆகிய நாலு பேரும் சௌக்கியம். பழைய மெஷினுக்கு மட்டும் இருமல். அங்கே நீ, அத்தான், அத்தானின் இடது முழங்கால் மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய். நான் இங்கே ரகசியம் பேசினால் உன் கீழ்வீட்டுக்காரர் மறுநாள் எனக்கே ஆறுதல் சொல்ல வருவார். இது அந்த மாதிரி விஷயம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படி. அத்தானிடம் சொல்லலாம், அவர் எப்படியும் பாதியில் தூங்கிவிடுவார்.

உன் கொழுந்தனார் மகன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்தப் பிள்ளையை நம் பெண்ணுக்குப் பார்க்கலாமா என்று மூன்று மாதமாகக் கேட்கிறாய். நானும் பெண்ணிடம் மூன்று மாதமாகக் கேட்கிறேன். அவள், "இப்ப வேணாம்ப்பா" என்கிறாள். "ஏம்மா, மனசுல வேற யாராவது இருக்காங்களா?" என்றால், "யாரும் இல்லப்பா, இருந்தா உங்ககிட்ட சொல்ல மாட்டேனா" என்கிறாள். பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு பொய் சொல்லாத பெண். அப்பா போட்டிருக்கும் சட்டை நன்றாக இல்லை என்றால்கூட முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைக் கோடு போட்டுக் குறித்துக்கொள், ஏனென்றால் இனிமேல் எல்லாம் கோடுகளைப் பற்றித்தான்.

அவள் பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுவது உனக்குத் தெரியும். பதினேழாம் நம்பர் வண்டி. இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லா வண்டியிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். வண்டி என்னென்ன செய்கிறது என்று அது நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்குமாம், உன்னை மாதிரி. வாரத்துக்கு ஒரு நாள், ஏதோ ஒரு நாள் ஓட்டத்தை ஒரு தாளில் வரைபடமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். தாளை மிச்சப்படுத்த ஒரே தாளில் இரண்டு வண்டி. பதினேழு சிவப்புக் கோடு, பதினெட்டு நீலக் கோடு. நம் பெண் அதை நேராகக் கடைக்கு எடுத்து வந்து, "ஒரு காப்பி போட்டு வைங்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போவாள். அப்புறம் அந்த அசல் தாள் பதினெட்டாம் வண்டிக்காரரின் கையெழுத்துக்காக ஆபீஸ் தட்டில் போய் உட்காரும். அதுவரைக்கும் எனக்கு அது வெறும் தாள்தான். முதல் தடவை கறுப்பு வெள்ளையில் காப்பி போட்டேன். இரண்டு கோடும் ஒரே கறுப்பாகி, பின்னிக்கொண்டு, எது யாருடையது என்றே தெரியவில்லை. அப்போதே எனக்குள் ஒரு சின்னக் குடைச்சல். பின்னிக்கொள்கிற அளவுக்கு என்ன? அடுத்த தாளிலிருந்து கலரிலேயே காப்பி போட்டேன்.

இங்கே என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. கடைசி நாளில் நீதான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஜெராக்ஸ் கடையில் நின்றால் படிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். மாடியில் டியூஷன் எடுக்கும் வாத்தியார் தன் இயற்பியல் நோட்ஸை என் கடையிலேயே ஒரு பைலில் வைத்திருக்கிறார். அதில் பதினாலாம் பக்கத்தைத்தான் எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். பரீட்சைக்குக் கட்டாயம் வருமாம். அந்தப் பக்கத்தை நான் பத்தாயிரம் தடவையாவது கண்ணாடியில் கவிழ்த்திருப்பேன். கீழே நேரம், பக்கத்தில் தூரம். கோடு செங்குத்தாக ஏறினால் வண்டி வேகமாகப் போகிறது. சரிவாக ஏறினால் மெதுவாக. கோடு படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. இரண்டு வண்டியின் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அந்த நேரத்தில் அந்த இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. இதை வாத்தியார் அடிக்கோடு போட்டு, பெட்டி கட்டி, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டிருக்கிறார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது நம் பெண்ணின் தாளையும் பதினாலாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்கா, எனக்கு வியர்த்துவிட்டது. தாளின் ஓரத்தில் கி.மீ. என்று போட்டு, ஒரு சாய்ந்த கோடு போட்டு, மணி என்றும் போட்டிருந்தது. சரி, கிலோமீட்டரும் இருக்கிறது, மணியும் இருக்கிறது, வாத்தியார் சொன்ன இரண்டும் ஆஜர். எண்ணினேன். சிவப்பும் நீலமும் ஒரே நாளில் பதினோரு இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. பார்சல் கொடுக்கப் போகும் இரண்டு பேர் ஒரு நாளைக்குப் பதினோரு தடவை எதற்குச் சந்திக்க வேண்டும்? நானும் என் வீட்டம்மாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம், நாங்களே அத்தனை தடவை சந்திப்பதில்லை. பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை இரண்டு கோடும் அடியில், பூஜ்யத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. அதாவது ஆபீசில், ஒரே இடத்தில், அரை மணி நேரம். அது போகட்டும், சாப்பாட்டு நேரம் என்று விட்டேன். ஆனால் மூன்று மணிக்கு மேலே பார்க்கிறேன், ஐம்பதாவது கிலோமீட்டரில் இரண்டு கோடும் பாயைப் போட்ட மாதிரி நீட்டிப் படுத்திருக்கின்றன. நாற்பது நிமிடம். ஊருக்கு வெளியே. ஒட்டிக்கொண்டு.

சந்தேகப்படாதே, பெண் பாவம் என்று நீ சொல்வாய். நான் முதலில் வேறு சந்தேகங்களைத்தான் பட்டேன். சிவப்புக் கோடு ஒரு நாளில் நாற்பது தடவை பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. நாற்பது பார்சலுக்கு நாற்பது தடவை ஆபீசுக்குத் திரும்பி ஓடி வந்திருக்கிறாள். ஆபீசில் அப்படி யார் இருக்கிறார்? போதாததற்கு ஒரு இடத்தில் அரை நிமிடத்தில் நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறாள். விமானக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அன்று சாயந்திரம் அவள் ஷூவைக் கழற்றும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"வண்டியைக் கொஞ்சம் நிதானமா ஓட்டும்மா. உயிர் ஒண்ணுதான்."

"நானா? என்னை ஆபீஸ்ல ஆமைன்னு கூப்பிடுறாங்கப்பா."

"ஆமையா. சரி. அந்தப் பதினெட்டாம் நம்பரை ஓட்டுறது யாரு?"

"தெரியலையே. வடக்குப் பக்கம் போறவர். நான் தெற்கு. வண்டி எடுக்கிறதும் வேற கேட்ல. பார்த்ததே இல்ல."

பார்த்ததே இல்லையாம். பதினோரு தடவை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சலனம்கூட இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எங்கே கற்றுக்கொண்டாள்? என் பக்கத்தில் யாருக்கும் வராது. உன் பக்கம் என்று சொல்லலாம், ஆனால் நீயும் என் பக்கம்தான்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பேப்பர்ல இருக்கிற கோட்டைப் பார்த்துப் பெத்த பொண்ணைச் சந்தேகப்படுற மனுஷன் நீங்க ஒருத்தர்தாங்க" என்றாள். நான் பொறுமையாகப் பதினாலாம் பக்கத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, உப்பு டப்பாவைச் சிவப்பு வண்டியாகவும் மிளகு டப்பாவை நீல வண்டியாகவும் வைத்து விளக்கினேன். உப்பும் மிளகும் மூன்றாவது தடவை இடித்துக்கொண்டபோது அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த நீலம் எப்படி இருப்பான்?"

"கோடு நல்லா நேராத்தான் இருக்கு."

"நம்ம பொண்ணோட கோட்டை விட இவனோடது மேலயே போகுதே. உயரமா இருப்பானோ?"

அது அப்படி இல்லை என்று நான் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து என்னை விட அவளுக்குச் சந்தேகம் அதிகம். தினமும் கடைக்குப் போன் போட்டு, "இந்த வாரத் தாள் வந்துச்சா, எத்தனை இடத்துல வெட்டுது?" என்று கேட்கிறாள். ஒரு வாரம் ஏழுதான். "சண்டை போலிருக்கு" என்றாள். அவளுக்கு அன்று இரவு சாப்பாடே இறங்கவில்லை. மறுவாரம் பதின்மூன்று. "சமாதானம் ஆயிட்டாங்க" என்று நிம்மதியாகச் சொன்னாள். நாங்கள் இதைத் தடுக்கப் பார்க்கிறோமா, வளர்க்கப் பார்க்கிறோமா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

அப்புறம் அந்த ஐம்பதாவது கிலோமீட்டர் எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கடையை மூடிவிட்டு, பார்சல் ஆபீஸ் வாசலில் பஸ் ஏறி, இரண்டு பேரும் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே தெற்கே போனோம். நான் இடது பக்கக் கல், அவள் வலது பக்கக் கல். நடுவில் அவள் தூங்கிவிட்டதால் மூன்று கல்லை உத்தேசமாகப் போட்டோம். ஐம்பதில் இறங்கினால் பூச்செடித் தொட்டி விற்கும் ஒரு பண்ணை. நிழல், பெஞ்சு, தண்ணீர் சொட்டும் சத்தம். வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா" என்றாள். பண்ணைக்காரர் ஒரு சோம்பலான மனிதர், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க சாயங்காலம் மூணு மணிக்கு ரெண்டு பார்சல் வேன் வந்து நிக்குமா?"

"இங்க வர்ற ஆளே ரெண்டு பேர்தாங்க. அது நீங்க."

"ஒரு பொண்ணும் ஒரு பையனும்?"

"செடி வேணுமா உங்களுக்கு?"

கேள்விக்குப் பதில் சொல்லாமல் செடி வேண்டுமா என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அவரையும் கையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சந்தேகம் வராமல் இருக்க ஒரு கள்ளிச்செடியை வாங்கிக்கொண்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கள்ளிச்செடியைக் கட்டிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்தேன். சட்டையில் பதினோரு ஓட்டை. பதினொன்றுதான், எண்ணினேன். செடியைப் பார்த்ததும் பெண், "எங்க போனீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். நான் "சும்மா" என்றேன். வீட்டம்மா "டாக்டர்கிட்ட" என்றாள். ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த வீட்டில் யார் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்றே தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் பழைய கலகலப்பு இல்லை அக்கா. முன்னெல்லாம் சாயந்திரம் வந்ததும், எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தியது, யார் கையெழுத்துப் போடக் கண்ணாடி தேடினார் என்று அவள் கதை சொல்வாள், நான் கிண்டல் பண்ணுவேன். இப்போது அவள் கதை சொல்ல ஆரம்பித்தால் நான் மனசுக்குள் நேரத்தைக் குறிக்கிறேன். தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். ஒன்றுமே ஒத்துப்போவதில்லை. ஒரு வாரமாக அவளும் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். காதலிக்கிறாள் என்பதல்ல என் வருத்தம். காதலித்தால் காதலிக்கட்டும், நான் என்ன பெரிய கோட்டைக்கு ராஜாவா? என்னிடம் கேட்டபோது இல்லை என்றாளே, அதுதான். அந்த 'இல்லை'யை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வாரத் தாள் கடைக்கு வந்ததும், அசலின் பின்பக்கத்தில் பென்சிலால், "18ஆம் வண்டி ஓட்டுநருக்கு. ஞாயிறு மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரவும். முக்கியமான விஷயம். 17ஆம் வண்டியின் அப்பா" என்று எழுதி, விலாசமும் போட்டு அனுப்பிவிட்டேன். நாளைக்கு ஞாயிறு. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் தாளை வைத்து, பதினோரு இடத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறேன். நீ உன் கொழுந்தனார் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடு. பெண்ணுக்கு வேறு ஆள் இருக்கிறது, அப்பனிடம் மறைத்துவிட்டாள் என்று சொல்லாதே. ஜாதகமோ ஜலதோஷமோ ஏதாவது காரணம் சொல். நல்ல பிள்ளை, அவன் கண்ணாடிக் கடையில் அவனுக்கே தெளிவாகத் தெரிகிற பெண்ணாகக் கிடைக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு. உன் கைமணமும் வாய்ச்சத்தமும் குறையாமல் நீடூழி இருக்க வேண்டும். என்னை விடப் பெரியவள் என்பதால் இதை வாழ்த்தாக எடுக்காமல் வேண்டுதலாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
கண் மூடாமல் உன் தம்பி.

பின்குறிப்பு: இதை எழுதியது சனிக்கிழமை. இன்று அடுத்த வியாழன். வீட்டம்மா தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் போகவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அவள் மறதியால் விளைந்த முதல் நன்மை. ஒட்டிய உறையை ஆவியில் காட்டிப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதை நம்பாதே.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கதவு தட்டினார்கள். பெண்தான் போய்த் திறந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மூக்கு நுனியில் மழைத்துளியோடு ஒரு பிள்ளை, கையில் குடை.

"யாரு வேணும்?"

"பதினேழாம் வண்டியோட அப்பா."

"நான்தான் பதினேழு. நீங்க?"

"பதினெட்டுங்க."

அக்கா, அவ்வளவுதான். அந்த இரண்டு முகத்திலும் சத்தியமாக ஒன்றும் இல்லை. ரேஷன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக்கூட இதை விட அதிகப் பழக்கம் இருக்கும். ஆனாலும் தாளை விரித்துவிட்டேன், என்ன செய்ய, டீ வேறு போட்டாகிவிட்டது. பதினோரு இடத்தையும் காட்டினேன். ஐம்பதாவது கிலோமீட்டரைக் காட்டினேன். அந்தப் பிள்ளை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கள்ளிச்செடியைப் பார்த்தார்.

"சார், இது தூரம் இல்லீங்க. வேகம். கிலோமீட்டருக்கும் மணிக்கும் நடுவுல கோடு இருக்கே, மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு அர்த்தம்."

"அப்ப இந்த வெட்டுற இடம்?"

"அந்த நிமிஷம் ரெண்டு பேரும் ஒரே வேகத்துல போயிருக்கோம். நான் வடக்கே ஒரு மூலையில, இவங்க தெற்கே ஒரு மூலையில."

"படுத்திருக்கே, ஐம்பதுல?"

"நிக்கலீங்க. ஐம்பதுல சீரா போயிட்டிருக்கோம். அதுக்கு மேல போனா பெட்டி கத்தும், அதனால எல்லாரும் ஐம்பதுலதான் வருவோம்."

"நாற்பது தடவை பூஜ்யத்துக்கு வருதே?"

"பார்சல் குடுக்க நிக்கணும்ல சார்."

எழுந்து போய் வாத்தியார் பைலை எடுத்தேன். பதினாலாம் பக்கத்துக்கு அடுத்ததாகப் பதினைந்தாம் பக்கம் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் இருந்திருக்கிறது. எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை, நானும் கவிழ்த்ததில்லை. மேலே கொட்டை எழுத்தில் வேகம் நேரம் வரைபடம் என்று போட்டு, 'முந்தைய பக்கத்தோடு குழப்பிக்கொள்ளாதே' என்று எழுதி, அதற்கும் பெட்டி கட்டி வைத்திருக்கிறார் மனுஷன்.

பெண் பைலை வாங்கி மூடி வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "என்னைக் கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. நான் சொன்னதைக் கேட்கல."

எப்போதும் ஏதாவது கிண்டல் வாயில் வந்து விழும், அன்று விழவில்லை. தப்புதான்மா என்று சொன்னேன். உன்னிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் என் சட்டை ஓட்டை ஒன்றில் விரலை விட்டு, "இதுக்குத்தான் டாக்டர்கிட்ட போனீங்களா" என்றாள். அப்புறம் சிரித்தாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது மறுபடியும் நாய்க் கதைகள் வர ஆரம்பித்துவிட்டன.

அப்பா செய்த கூத்துக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறேன் என்று அந்தப் பிள்ளையை வழியனுப்ப வாசல் வரை போனாள். வாசல் எங்கள் வீட்டில் ஒன்பது அடி தூரம். ஒரு மணி பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். அந்தப் பிள்ளை போன பிறகு பார்த்தால் குடை மூலையில் சாய்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை குடையை எடுக்க வந்தார். டீ குடித்தார், பெண்ணோடு பேசினார், கள்ளிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொன்னார், குடையை மறுபடியும் வைத்துவிட்டுப் போய்விட்டார். நேற்று மழையே இல்லை. குடையைத் தேடி வந்தார். போகும்போது வீட்டம்மாவே அதைக் கையில் கொடுக்கப் போனாள். நம் பெண், "இருக்கட்டும்மா, நாளைக்கு எடுத்துக்குவார்" என்றாள்.

இன்று காலை அவளே கடைக்கு வந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. "அப்பா, அன்னைக்கு நீங்க கேட்டப்ப யாரும் இல்லைன்னு சொன்னேன்ல. அது அன்னைக்கு நிஜம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.

அதனால் கொழுந்தனார் வீட்டில் வேண்டாம் என்றே சொல்லிவிடு அக்கா. காரணம் கேட்டால், பெண்ணுக்கு ஆள் இருக்கிறது, பார்த்து வைத்தது அவள் அப்பாதான் என்று சொல்.